மதகுத் தண்ணீர்

சொசைட்டியில் பாலை ஊற்றிவிட்டு வெறும் தூக்கோடு திரும்பும் சுலோச்சனா நேராக வீட்டுக்குப் போவதில்லை. ஏரிக்கரை கேட்டுக்கு எதிரே, ரோட்டைத் தாண்டி நிற்கும் புங்க மரத்தடியில் போய் உட்கார்ந்துகொள்வாள். தூக்கைப் பக்கத்தில் வைத்து, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, விளக்கு வைக்கும் நேரம் வரைக்கும் கேட்டைப் பார்த்தபடி இருப்பாள். கோஷம் கிடையாது, தட்டி கிடையாது. போகிறவர்கள் வருகிறவர்கள் முதலில் நின்று விசாரித்தார்கள். பிறகு சிரித்தார்கள். அதற்கும் பிறகு அவளைப் பார்க்காத மாதிரி போகப் பழகிக்கொண்டார்கள். அவள் உட்கார்ந்திருப்பது எதற்கு என்பதே பாதிப் பேருக்கு மறந்துவிட்டது.

இந்தக் கேட்டு வந்து ஒரு வருஷம்தான் ஆகிறது. உத்திரமேரூரிலிருந்து காஞ்சிபுரம் போகிற ரோட்டில் திருப்புலிவனத்துக்கு முன்னால் பிரிகிற கிளைச் சாலையில் இருக்கிறது அந்தச் சித்தேரி. கரை நெடுகக் கம்பி வேலி அடித்து, மேலே சிமென்ட் கல் பதித்து, நடைபாதை என்று பெயர் வைத்தார்கள். சிமென்டில் இரண்டு மானும் ஒரு கொக்கும் செய்து நிறுத்தினார்கள். நிஜக் கொக்குகள் அந்தக் கொக்கின் தலையில் உட்கார்ந்து எச்சமிடுவதைத் தவிர ஏரிக்கு அதனால் புதிதாக ஒன்றும் ஆகிவிடவில்லை. ஊஞ்சல் வந்தது, மிதித்து ஓட்டுகிற படகு நான்கு வந்தது. எல்லாம் வந்த பிறகு பச்சை பெயின்ட் அடித்த கேட்டும் டிக்கெட் கொடுக்கிற கூண்டும் வந்தன. கேமராவுக்குத் தனி டிக்கெட் என்று போர்டு எழுதிப்போட்டார்கள். ஏலம் எடுத்தவன் எங்கோ வெளியூர்க்காரன், ஊரில் யாரும் அவன் முகத்தைப் பார்த்ததில்லை.

கரைமேல் காலைக்கடன் கழிக்கிறவர்களை விரட்டியபோது ஊர் பேசாமல்தான் இருந்தது. அது நியாயம் என்று பெண்களே சொன்னார்கள். ஆனால் அக்கரை வயலுக்குக் களை எடுக்கப் போகிறவளிடம் டிக்கெட் கேட்டபோது ஊருக்குச் சுருக்கென்றது. மாடு குளிப்பாட்டப் போனவனைத் திருப்பி அனுப்பினார்கள். நாவல் பழம் பொறுக்கப் போன பிள்ளைகளைக் கூண்டில் இருந்தவன் குச்சியெடுத்துத் துரத்தினான். தாத்தன் வெட்டின ஏரிக்குப் பேரன் சீட்டு வாங்க வேண்டுமா என்று ஊர் மொத்தமும் கேட்டுக்கு முன்னால் பந்தல் போட்டு உட்கார்ந்தது.

உட்கார்ந்தவர்களில் அக்கரைக் காலனி ஜனங்களும் உண்டு. ஊர்க்காரர்களுக்காவது கரை ஒரு வழிதான், அவர்களுக்கோ அது வயிறு. கரையில் புல்லறுத்து மாடு வளர்த்தார்கள், ஏரியில் வலை வீசினார்கள். ஊரும் காலனியும் ஒரே பந்தலில் ஒரே அண்டாச் சோற்றைத் தின்றது அந்த ஊர் சரித்திரத்தில் அதுதான் முதல் தடவை. காலனி சோபியா அதுவரை சுலோச்சனாவை "அம்மா" என்றுதான் கூப்பிடுவாள். களையெடுப்புக்கும் நடவுக்கும் சுலோச்சனாவின் வயலுக்குக் கூலிக்கு வருகிறவள் அவள். பந்தலில் தோள் இடிக்க உட்கார்ந்ததில் எந்த நாளில் என்று தெரியாமல் அது "அக்கா"வாகிவிட்டது. சுலோச்சனாவுக்கும் அது நன்றாகத்தான் இருந்தது.

அந்தப் பந்தலில்தான் அவள் அந்தத் தவற்றைச் செய்தாள்.

போராட்டம் கலையாமல் இருக்க, தரையில் கற்பூரம் ஏற்றி எல்லோரும் கையடித்துச் சத்தியம் செய்தார்கள். ஆளாளுக்கு எல்லையம்மன் மேல், மாரியம்மன் மேல், காலனிக்காரர்கள் மாதா மேல் சத்தியம் பண்ணினார்கள். ஊர்ச் சாமி மேல் பண்ணுகிற சத்தியத்துக்கு ஒரு வசதி உண்டு. மீறினால் அபராதம் கட்டி, ஒரு சேவலை அறுத்து, மன்னிப்புக் கேட்டுக்கொள்ளலாம். சுலோச்சனா முறை வந்தபோது அவள் ஆவேசத்தில் இருந்தாள். "எம் பொண்ணு மேல சத்தியம். இந்தக் கேட்டு எல்லாருக்கும் தொறக்கிற வரிக்கும் உள்ள கால் வெக்கமாட்டேன்" என்று கற்பூரத்தில் அடித்தாள். அவள் கணவன் கிருஷ்ணசாமி தலையில் கைவைத்துக்கொண்டார்.

ஏனென்றால் அவள் பெண் இளமதி செத்துப் பதினோரு வருஷமாகிறது. அந்தச் சித்தேரியிலேயே முழுகிச் செத்தவள். கல்யாணமாகாமல் செத்த பெண் அந்தப் பக்கத்து வீடுகளில் பூவாடைக்காரி ஆகிவிடுவாள். வீட்டுச் சாமி அவள்தான். வருஷம் ஒரு தரமும், வீட்டில் எந்த நல்லது நடந்தாலும் அதற்கு முன்னாலும், அவள் செத்த நீர்நிலைக்குப் போய், பம்பை அடித்து, அவளை அழைத்து, தண்ணீரில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டுவர வேண்டும். பூவாடை மேல் யாரும் சத்தியம் பண்ணமாட்டார்கள். அபராதம் வாங்கிக்கொண்டு மன்னிக்கிற சாமி இல்லை அது, பெற்ற பிள்ளை.

சத்தியம் செய்தபோது ஊரே தன்னோடு இருக்கிறது என்று சுலோச்சனா நினைத்திருந்தாள். அறுவடை வந்ததும் பந்தலில் கூட்டம் குறைந்தது. அப்புறம் ஒரு நாள் பஞ்சாயத்துத் தலைவர் அரவிந்தன் வந்து, பேசி முடித்துவிட்டதாகச் சொன்னார். இந்த ஊர்க்காரர்களுக்கு மட்டும் இலவச பாஸ், வீட்டுக்கு ஒன்று, அதைக் காட்டினால் குடும்பத்தோடு உள்ளே போகலாம். ஊர் கைதட்டியது. அரவிந்தனுக்கு யாரோ துண்டு போர்த்தினார்கள். எல்லையம்மனுக்கு ஒரு சேவலை அறுத்துக் குழம்பு வைத்து, சத்தியத்தை அதிலேயே கரைத்தார்கள். அக்கரைக் காலனி பக்கத்துப் பஞ்சாயத்தில் வருகிறது, ஆகவே அவர்களுக்குப் பாஸ் கிடையாது. அது யாருக்கும் தெரியாமலில்லை. தெரிந்துதான் கைதட்டினார்கள்.

பந்தலைப் பிரித்த மறுநாள் புங்க மரத்தடியில் சுலோச்சனாவும் காலனி ஜனங்களும் உட்கார்ந்தார்கள். பிறகு காலனியிலும் ஒவ்வொருவராக ஒரகடம் கம்பெனிக்கும் செங்கல் சூளைக்கும் போனார்கள். கடைசியில் மிஞ்சியது அவளும் சோபியாவும்தான். இரண்டு பேரும் வெற்றிலை போட்டுக்கொண்டு, அக்கம்பக்கத்துக் கதை பேசிக்கொண்டு, போராட்டம் என்பதே மறந்துபோகிற அளவுக்குச் சந்தோஷமாகச் சில மாதங்கள் இருந்தார்கள். உண்மையைச் சொன்னால், இளமதி போனபிறகு சுலோச்சனா அப்படி யாரோடும் பேசிச் சிரித்ததில்லை.

கார்த்திகை மழை விட்ட ஒரு சாயங்காலம் சோபியா உட்காராமல் நின்றுகொண்டே பேசினாள்.

"அக்கா, மாட்ட வித்துட்டோம். புல்லுக்கு எங்க போறது."

"தெரியும். சந்தைக்கு ஓட்டினு போறப்ப பாத்தேன்."

"உள்ள கூட்டிப் பெருக்கற வேலக்கி ஆள் எட்த்துக்கினு கீறாங்க. என்ன வரச் சொன்னாங்க."

சுலோச்சனா தூக்கின் மூடியைத் திறந்து மூடினாள். "போ. போவாம இன்னா பண்ணுவ. உம் புருசன் மெட்ராஸ்ல கட்டட வேல செஞ்சி அனுப்பறது எத்தினிக்குப் போதும்."

"நீ ஒரு வார்த்த திட்டிடுக்கா. திட்டிட்டா நிம்மதியா போயிடுவேன்."

சுலோச்சனாவுக்குத் திட்ட வரவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று பிறகு பல நாள் நினைத்துக்கொண்டாள். மறுநாளிலிருந்து சோபியா நீலக் கோட்டு மாட்டிக்கொண்டு வேலிக்கு உள்ளே பெருக்கினாள். சுலோச்சனா வெளியே உட்கார்ந்திருந்தாள். கண்காணிப்பவன் இருந்ததால் சோபியா வேலிப் பக்கம் வந்து பேச முடியவில்லை, கையை மட்டும் ஆட்டிவிட்டுப் போவாள். ஆள் நடமாட்டமுள்ள ரோட்டில் உட்கார்ந்துகொண்டே ஒருத்தி அவ்வளவு தனியாக இருக்க முடியும் என்பது சுலோச்சனாவுக்கு அப்போதுதான் தெரிந்தது.

இந்த நிலைமையில்தான் மகன் ஜெகனுக்குக் கல்யாணம் நிச்சயமானது. தை கடைசியில் முகூர்த்தம், பெண் ஏனாத்தூர் பக்கம். பெண் பெயர் கீர்த்தி. இரண்டு பேரும் ஒரே கம்பெனியில் வேலை. கல்யாணத்துக்கு முந்தின போட்டோவை எங்கே எடுப்பது என்று பார்த்து, ஜெகன் சித்தேரிப் பூங்காவையே தேர்ந்தெடுத்தான். சிமென்ட் மானுக்குப் பக்கத்தில் நின்று எடுத்துக்கொண்டு வந்து, போனில் அம்மாவிடம் காட்டினான். அம்மா போட்டோவில் மகனையும் மருமகளையும் பார்க்கவில்லை. அவர்களுக்குப் பின்னால் தெரிந்த மதகையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் போனைப் பிடுங்கிக்கொண்டு போய்விட்டான்.

கல்யாணத்துக்கு முன்னால் பூவாடை அழைக்க வேண்டும். மாட்டுப்பொங்கல் கழிந்த வெள்ளிக்கிழமை என்று நாள் குறித்தார்கள். நாள் குறித்த அன்று இரவே சோற்றில் ரசத்தை ஊற்றிக்கொண்டே கிருஷ்ணசாமி பேச்சை எடுத்தார். அவர் அதிர்ந்து பேசத் தெரியாத மனுஷன். எதையும் சுற்றி வளைத்துத்தான் வருவார். நவரைப் பட்டத்து நாற்றுக்குத் தண்ணீர் விட்டதைச் சொன்னார், உரத்துக்கு அலைந்ததைச் சொன்னார், அப்புறம்தான் வந்தார்.

"பாஸு கீது. உம் பேரு, எம் பேரு, பையன் பேரு எல்லாம் அதுல கீது. அஞ்சு நிமிசம் உள்ள போயிட்டு வர்றதுக்கு உனுக்கு இன்னா பேஜாரு?"

"யாரு மேல சத்தியம் பண்ணேனோ அவளையே கூப்டப் போறேன். சத்தியத்த மெதிச்சிக்கினு போயி நின்னா, அவ எப்டி வருவா?"

"அப்ப வேற ஏரில கூப்டலாம். போர் பம்பு கொட்டாயாண்ட வெச்சிக்கூட கூப்டறாங்களாம் இப்ப."

"அவ போர் கொட்டாயிலயா செத்தா?"

கிருஷ்ணசாமி சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். "ஊருக்குன்னு சொல்லியிருந்தீன்னா அன்னிக்கே முடிஞ்சிருக்கும். எல்லாருக்கும்னு ஏண்டி சொன்ன? அந்த வார்த்தய உன் வாயில யாரு வெச்சாங்க?"

"அவள தூக்கிக்கினு வந்தவன் இந்த ஊர்க்காரனாய்யா?"

அவர் கையலம்ப எழுந்துவிட்டார். பாதிச் சோறு தட்டிலேயே இருந்தது.

தூக்கிக்கொண்டு வந்தவன் சோபியாவின் புருஷன் சாம்சன். அல்லிக்கொடி பறிக்க இறங்கிய இளமதி மதகுப் பள்ளத்தில் போய்விட்டாள் என்று கூட வந்த பிள்ளைகள் கத்தியபோது, அவன் அக்கரையில் வலையை உதறிக்கொண்டிருந்தான். வலையைப் போட்டுவிட்டு நீந்தி வந்து, முழுகி முழுகித் தேடி எடுத்து, தோளில் போட்டுக்கொண்டு கரை நெடுக ஓடி வந்தான். ஊர்த் தெருவுக்குள் அவன் ஆட்கள் அப்படி ஓடி வந்ததில்லை, அன்று யாரும் தடுக்கவில்லை. வாசலில் கிருஷ்ணசாமி கையை நீட்டிப் பிள்ளையை வாங்கிக்கொண்டார். வாங்கிக்கொண்டு, "நீ அங்கயே நில்லுப்பா" என்றார். வேண்டுமென்று சொல்லவில்லை. வாய் வழக்கப்படி சொல்லிவிட்டது. சாம்சன் தெருவிலேயே நின்றான். ஈர லுங்கி உடம்பிலேயே காய்ந்து, பொழுது சாய்கிறவரை நின்றுவிட்டுப் போனான். ஒரு துண்டு கொடுக்க யாருக்கும் தோன்றவில்லை. பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டிருந்த சுலோச்சனாவின் கண்ணில் அவன் நின்றது பட்டுக்கொண்டேதான் இருந்தது. அவளும் வாயைத் திறக்கவில்லை.

வெள்ளிக்கிழமை வந்தது. வீட்டில் காலையிலிருந்தே படையல் வேலை. சுலோச்சனா மொச்சைக்கொட்டை போட்டுக் கருவாட்டுக் குழம்பு வைத்தாள், வடை சுட்டாள், அரிசி இடித்து மாவிளக்குப் பிசைந்தாள். இளமதிக்குச் சித்தேரிக் கெளுத்தி என்றால் உயிர். ஏரி மீனும் இப்போது ஏலத்தில் போய்விட்டதால் உத்திரமேரூர் மார்க்கெட்டிலிருந்து வாங்கி வந்த கெளுத்தியைக் கழுவும்போது, இது எந்த ஏரித் தண்ணீர் குடித்ததோ என்று நினைத்தாள். புதுப் பாவாடை தாவணியை மஞ்சள் தண்ணீரில் நனைத்து எடுத்தாள். செத்தபோது அவள் பாவாடை சட்டைதான் போட்டிருந்தாள். தாவணி போடுகிற வயதை இந்த வீட்டில் வருஷா வருஷம் துணியாகத்தான் பார்க்கிறார்கள்.

பொழுது சாய எல்லோரும் கிளம்பினார்கள். கிருஷ்ணசாமி, ஜெகன், கிருஷ்ணசாமியின் தங்கை செல்லாயி, பங்காளி வீட்டார், கூரத்திலிருந்து வந்த பம்பைக்காரர் தாண்டவராயனும் அவரோடு உடுக்கை அடிப்பவரும். செல்லாயி கையில் மாலை சுற்றிய பித்தளைக் குடம். சுலோச்சனா மாட்டைக் கறந்து சொசைட்டியில் ஊற்றிவிட்டு வெறும் தூக்கோடு கேட்டுக்கு வந்து சேர்ந்தாள். சாமி வருகிற நாள் என்று மாடு பால் சுரக்காமல் இருக்குமா.

கேட்டில் பாஸைக் காட்டினார்கள். பம்பைக்காரர்கள் வெளியூர் என்பதால் டிக்கெட் வாங்கச் சொன்னான் கூண்டுக்காரன். பம்பைக்கும் தனி டிக்கெட் உண்டா என்று போர்டைத் திரும்பிப் பார்த்து யோசித்தான். போர்டில் பம்பை இல்லை. தாண்டவராயன் வேட்டி மடிப்பிலிருந்து அவரே காசை எடுத்துக் கொடுத்து டிக்கெட்டைக் காதில் செருகிக்கொண்டார். சாமி கூப்பிடப் போக டிக்கெட் வாங்கினது இந்த உடம்புக்கு இதுதான் முதல் தடவை என்று பொதுவாகச் சொன்னார். எல்லோரும் உள்ளே போனார்கள். கிருஷ்ணசாமி மட்டும் ஒரு தரம் திரும்பிப் பார்த்தார். சுலோச்சனா புங்க மரத்தடியில் உட்கார்ந்துவிட்டாள்.

கரைமேல் பம்பைச் சத்தம் எழுந்தது. வருஷா வருஷம் அந்தச் சத்தம் கேட்டதும் அவள் உடம்பில்தான் இளமதி வருவாள். முதலில் கால் பெருவிரல் துடிக்கும், பிறகு தோள் தூக்கும். அப்புறம் நடப்பது அவளுக்குத் தெரியாது. ஈரத் தலையோடு கரையில் கிடக்கும்போது, வந்துவிட்டாள், பேசினாள் என்று மற்றவர்கள் சொல்லித்தான் தெரியும். பெற்ற மகள் பேசியதைப் பெற்றவள் ஒருத்தி மட்டும் கேட்டதில்லை. அதிலும் ஒரு சந்தோஷம் இருந்தது. இன்று அவள் பெருவிரலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அது சும்மா இருந்தது.

பம்பை நின்றது, மறுபடி எழுந்தது, மறுபடி நின்றது. படகு விட வந்தவர்கள் சுற்றி நின்று போனில் படம் எடுத்தார்கள். சூரியன் பனைகளுக்குக் கீழே இறங்கிவிட்டது. தாண்டவராயன் வேர்வையைத் துடைத்துக்கொண்டே கேட்டுக்கு வந்தார், பின்னால் கிருஷ்ணசாமியும் வந்தார். இருவரும் கேட்டுக்கு உள்பக்கம் நின்றார்கள். சுலோச்சனா எழுந்து போய் வெளிப்பக்கம் நின்றாள்.

"தாயி, நான் அப்பன் காலத்துலேர்ந்து அடிக்கிறேன்" என்றார் தாண்டவராயன். "யாரு மேலயும் வர்ல. பெத்தவ வெளிய நிக்கறப்ப அது எப்டி வரும்? ஒரு கால உள்ள வெச்சா போதும்."

சுலோச்சனா கேட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். உள்ளே போனால் மகள் மேல் செய்த சத்தியம் பொய்யாகும். போகாவிட்டால் மகள் தன் தம்பி கல்யாணத்துக்கு வீட்டுக்கு வரமாட்டாள், அந்தத் தண்ணீரிலேயே கிடப்பாள். இரண்டில் எதைச் செய்தாலும் தோற்பது மகளிடம்தான்.

"சுலோ" என்றார் கிருஷ்ணசாமி. "எனுக்கும் அவ பொண்ணுதான். ஆறு மாசமா ஊர்ல நீ ஒருத்திதான் குந்திக்கினு கீற. எவனாச்சும் உம் பக்கத்துல வந்து நின்னானா? யாருக்காவ இத்த பண்ற நீ?"

அவளுக்கு அழுகை வந்துவிட்டது. யாருக்காக என்று அவளுக்கே சரியாகச் சொல்லத் தெரியவில்லை. தெருவில் ஈர லுங்கியோடு நின்றவன் முகம்தான் வந்தது. "நீங்க கூப்டுங்கய்யா. எனுக்கு ஆவாது" என்று சொல்லிவிட்டுத் தூக்கை எடுத்துக்கொண்டு நடந்தாள்.

வீட்டுக்குப் போகத்தான் நினைத்தாள். ஆனால் வேலியை ஒட்டிக் கரைக்குக் கீழே, வயல் பக்கமாக இறங்கிப் போகும் வரப்பில் கால் போனது. அங்கே கரைக்கு அடியிலிருந்து மதகுத் தண்ணீர் வாய்க்காலில் விழுந்து ஓடிக்கொண்டிருந்தது. நவரை நடவுக்காகத் திறந்துவிட்ட தண்ணீர். சுலோச்சனா நின்றாள். கரைமேல் வேலி இருந்தது. வேலிக்கு உள்ளேதான் இளமதி முழுகின மதகுப் பள்ளம். அந்தப் பள்ளத்துத் தண்ணீர்தான் யாரிடமும் சீட்டு வாங்காமல் கரைக்கு அடியில் புகுந்து இந்தப் பக்கம் வந்து விழுந்துகொண்டிருந்தது. இத்தனை மாதம் இதைத் தாண்டித்தான் அவள் வயலுக்குப் போய் வந்திருக்கிறாள்.

வாய்க்காலில் இறங்கினாள். தை மாசத் தண்ணீர் முழங்காலைக் குளிரக் கடித்தது. உட்கார்ந்தாள், தண்ணீர் மார்பு வரை வந்தது. கரைக்கு மேலே பம்பை மறுபடி எழுந்தது. அவள் கண்ணை மூடிக்கொண்டு, பெருவிரல் துடிக்கிறதா என்று காத்துக்கொண்டிருந்தாள். ஒன்றும் இல்லை. தண்ணீர் போய்க்கொண்டே இருந்தது.

"வர்றதுன்னா வா பாப்பா" என்றாள். "எம் மேல வரலன்னா பரவால்ல. தண்ணில வா. உந் தம்பிக்குக் கல்யாணம்."

முழுகி எழுந்து, பால் தூக்கைத் தண்ணீரில் அலம்பி, மதகு வாயில் பிடித்து நிறைத்தாள். இடுப்பில் வைத்துக்கொண்டு வரப்பில் ஏறினாள். பூவாடைத் தண்ணீர் எடுத்தவள் வாசல் வந்து சேரும்வரை யாரோடும் பேசக் கூடாது, திரும்பிப் பார்க்கக் கூடாது, வாசல் தாண்டுகிறவரை பாத்திரத்தைக் கீழே வைக்கக் கூடாது. வாசலில் நின்று, உள்ளே வா என்று கூப்பிட்டு அழைத்துப்போக வேண்டும். ஈரப் புடவை காலைத் தடுக்க, அவள் தனியாக நடந்தாள். வழக்கமாக அவளுக்குப் பின்னால் பம்பையும் தீவட்டியும் பங்காளிக் கூட்டமும் வரும்.

கிளைச் சாலை திரும்புகிற இடத்தில் பின்னால் காலடிச் சத்தம் கேட்டது. ரப்பர் செருப்பை இழுத்து நடக்கிற நடை. யாருடையது என்று அவளுக்குத் தெரியும். சோபியா வேலை முடிந்து கேட்டைத் தாண்டி வந்தவள், நனைந்த புடவையோடு இவள் போவதைப் பார்த்திருக்கிறாள். ஊர் முறை அவளுக்கும் தெரியும். கூப்பிடவில்லை, பக்கத்தில் வரவும் இல்லை. சுலோச்சனா மெதுவாக நடந்தால் அதுவும் மெதுவானது. தெருமுனையில் நாய் குரைத்தபோது பின்னாலிருந்து அதை ஒரு கல் விரட்டியது. அந்த நடை இளமதியோடதாக இருக்கட்டும் என்று பாதி வழி நினைத்தாள், மீதி வழி சோபியாவோடதாகவே இருக்கட்டும் என்று நினைத்தாள்.

வாசலுக்கு வந்து படிக்குக் கீழே நின்றாள். கதவு திறந்திருந்தது, உள்ளே குத்துவிளக்கு எரிந்தது, படையல் வாசனை வந்தது. "உள்ள வா பாப்பா" என்று சொல்ல வாயைத் திறந்தபோது பின்னால் செருப்புச் சத்தம் நின்றுவிட்டதைக் கேட்டாள். எந்த இடத்தில் நின்றது என்று திரும்பாமலே தெரிந்தது. தெருவில், சாம்சன் நின்ற இடத்தில்.

"சோபியா."

"சொல்லுக்கா. தனியா போறியேன்னு வந்தேன். நீ போ உள்ள."

"நீ முன்ன போ."

"நான் எதுக்குக்கா? நீ உம் பொண்ணக் கூப்டு."

"அவள தண்ணிலேர்ந்து தூக்கினது உம் புருசன். நீ வெளிய நிக்கறப்ப அவள மட்டும் எப்டி உள்ள கூப்ட்றது? நீ போ முன்ன."

சோபியா நகரவில்லை. எதிர்வீட்டு ஜன்னலில் யாரோ வந்து நின்றார்கள். "வேணாங்க்கா. எல்லாம் வர்ற நேரம். நாளைக்கி உனுக்குத்தான் பேச்சு" என்றாள். அதற்குள் பம்பைச் சத்தம் தெருவுக்குள் திரும்பிவிட்டது. செல்லாயி தலையில் பித்தளைக் குடத்தோடு முன்னால் வந்தாள். பொழுது போன அவசரத்தில் இளமதி அவள் மேலேயே வந்ததாக ஒப்பேற்றி நிறைத்துக்கொண்டு வந்திருந்தார்கள். வாசலில் ஈரப் புடவையும் பால் தூக்குமாக நிற்கும் சுலோச்சனாவையும், தெருவில் நீலக் கோட்டோடு நிற்கும் சோபியாவையும் பார்த்ததும் பம்பை தானாக நின்றது.

"இன்னா அண்ணி இது? வழிய வுடு, கொடம் கனக்குது" என்றாள் செல்லாயி.

சுலோச்சனா திரும்பாமல் படியை மறித்துக்கொண்டு நின்றாள். அவள் இடுப்பில் இருப்பதையும் கீழே வைக்க முடியாது, செல்லாயி தலையில் இருப்பதையும் கீழே வைக்க முடியாது. கிருஷ்ணசாமி முன்னால் வந்து தூக்கைப் பார்த்தார். அது எங்கிருந்து வந்த தண்ணீர் என்று ஏரிப் பாசனக்காரருக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

"அந்தப் பொண்ண உள்ள வரச் சொல்லு. சனம் பாக்குது" என்றார் தாழ்ந்த குரலில்.

"நீ சொல்லு. அன்னிக்கி அங்கயே நில்லுன்னு நீதான சொன்ன."

அவர் தெருப் பக்கம் திரும்பினார். பதினோரு வருஷம் முன்னால் பிள்ளையை வாங்கிய அதே கைகள் என்ன செய்வதென்று தெரியாமல் துண்டைப் பிடித்துக்கொண்டிருந்தன. பங்காளிகளில் ஒருவர் தொண்டையைக் கனைத்தார். கிருஷ்ணசாமி அவரைப் பார்க்கவில்லை, சோபியாவையும் நேராகப் பார்க்க முடியவில்லை. அவள் காலடி மண்ணைப் பார்த்துக்கொண்டே, "உள்ள வாம்மா" என்றார். பிறகு, "சாம்சன் வந்தா அவனயும் கூட்டினு வா" என்றார்.

சோபியா செருப்பைக் கழற்றினாள். ஈரப் புடவையில் தோள் உரச சுலோச்சனாவைத் தாண்டிப் படியேறி உள்ளே போனாள். "உள்ள வா பாப்பா" என்று சொல்லிவிட்டு, சுலோச்சனா தூக்கோடு அவள் பின்னால் வாசலைத் தாண்டினாள்.

பங்காளி வீட்டார் படையலில் கைநனைக்காமல் போய்விட்டார்கள். கல்யாணத்துக்கும் முக்கால்வாசிப் பேர் மண்டபத்துக்கு வந்து மொய் எழுதிவிட்டுச் சாப்பிடாமல் திரும்பினார்கள். ஜெகன் ஒரு வாரம் அம்மாவோடு பேசவில்லை. தூக்குத் தண்ணீரும் குடத்துத் தண்ணீரும் பக்கத்தில் பக்கத்தில் இருந்ததில் எதில் இளமதி வந்தாள் என்று செல்லாயி ஒரு தரம் கேட்டாள். சுலோச்சனாவுக்கும் தெரியாது. அன்று இரவோ அதற்குப் பிறகோ அவள் பெருவிரல் துடிக்கவே இல்லை.

கேட்டு இன்னும் எல்லோருக்கும் திறக்கவில்லை. கல்யாணம் முடிந்த மறுநாள் சாயங்காலம் பாலை ஊற்றிவிட்டு வந்து சுலோச்சனா புங்க மரத்தடியில் உட்கார்ந்தாள். அது ஞாயிற்றுக்கிழமை, உள்ளே நல்ல கூட்டம். பஸ்ஸிலிருந்து இறங்கிய ஒரு குடும்பம் டிக்கெட் எங்கே வாங்குவது என்று அவளைக் கேட்டது, கூண்டைக் கைகாட்டினாள். இருட்டுகிற நேரத்தில் சோபியா பெருக்கிக்கொண்டே வேலி ஓரமாக வந்தாள். கண்காணிப்பவன் பார்த்துக்கொண்டிருந்தான். அவள் கையை ஆட்டவில்லை, குப்பையை ஒதுக்கிவிட்டு அங்கேயே வேலிக்கு அந்தப் பக்கம் தரையில் உட்கார்ந்துகொண்டாள். நடுவில் ரோடும் கம்பியும் இருந்ததால் பேச முடியவில்லை. விளக்கு வைக்கும் நேரம் ஆனதும் சுலோச்சனா தூக்கை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.